யூடியூபில் ஏற்றிய வீடியோக்களை மொத்தமாக இறக்க
கோயில் கொடை வில்லுப்பாட்டு, நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் என்று சேனலில் நூற்றுக்கணக்கில் கிடந்தால், யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொன்றாக இறக்கி மெனக்கெடாதீர்கள். அங்கே 720பி தரத்துக்கு மேல் கிடைக்காது. கூகுளில் நாம் வைத்திருப்பதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்தான் வழி. எல்லாத் தேர்வையும் நீக்கி, யூடியூபை மட்டும் டிக் செய்து, அதற்குள் வீடியோக்களை மட்டும் விடுங்கள்.

சேனல் பிராண்ட் கணக்கில் (உங்கள் சொந்தக் கணக்கில் இல்லாமல், சேனலுக்கென்று தனியாக இருக்கும் கணக்கு) இருந்தால் முதலில் அதற்கு மாறுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: ஜிப் (எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டிய ஃபைல்) வரும், உள்ளே வீடியோ இராது.

ஜிப் அளவு 50 ஜிபி வேண்டாம். கொடை சீசனில் கரண்ட் போனால் பாதியில் அறுந்துவிடும். 4 ஜிபி போதும். மெயிலில் வரும் லிங்க் ஒரு வாரம்தான் தாங்கும். ஹார்ட் டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டும் ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டுக்கு மாற்றுங்கள். மாற்றினால் உள்ளே இருப்பது அழியும், காப்பி எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.