டொர்னாடோ வரும்போது ஜன்னலைத் திறக்க ஓடாதீர்கள்

டொர்னாடோ, அதாவது தரையைத் தொட்டுச் சுழன்றடிக்கும் சுழல்காற்று, வருவதாக எச்சரிக்கை வந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்றழுத்தத்தில் வீடு வெடித்துவிடும் என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக உண்டு. தவறான பேச்சு. வீட்டை உடைப்பது காற்றின் வேகமும் அது வாரி எறியும் பலகை, தகரங்களும்தான். திறந்த ஜன்னல் வழியே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும். அதைவிட மோசம், அந்த நேரத்தில் நீங்கள் கண்ணாடிப் பக்கத்தில் நிற்பது. கையில் இருப்பது சில நிமிடங்கள். சில சமயம் அதுவும் இல்லை.

அந்தச் சில நிமிடங்களையும் தின்னும் இன்னொரு பழக்கம், 'நிஜமாகவே வருகிறதா?' என்று வாசலுக்குப் போய்ப் பார்ப்பது. 2011 மே 22 அன்று அமெரிக்காவின் ஜாப்ளின் நகரில் சைரன் ஒலித்தும் பலர் உடனே பதுங்கவில்லை. அடிக்கடி கேட்டுப் பழகிய சத்தம்தானே! டிவியிலும் வானத்திலும் உறுதி தேடினார்கள். வந்த டொர்னாடோவோ மழைக்குள் மறைந்திருந்தது. 150 பேருக்கு மேல் இறந்தார்கள்.

சரி, எங்கே போவது? நிலவறை இருந்தால் அங்கே. இல்லையென்றால் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத உள்ளறை. வீட்டின் தென்மேற்கு மூலைதான் பத்திரம் என்பதும் கட்டுக்கதையே. குனிந்து உட்கார்ந்து, தலையையும் பிடரியையும் கைகளால் மூடி, மேலே மெத்தையை இழுத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், கூச்சப்பட வேண்டாம். காலில் ஷூ இருக்கட்டும். சக்கரம் வைத்த நடமாடும் வீடுகளில் மட்டும் தங்கவே கூடாது. வானிலை மோசமாகும் என்றதுமே கிளம்பிவிட வேண்டும்.

சாலையில் மாட்டியவர்கள் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குகிறார்கள். 1991இல் கான்சாஸில் அப்படித் தப்பியவர்களின் வீடியோ டிவியில் ஓடி ஓடி, அதுவே வழி என்றாகிவிட்டது. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் அதை நம்பி ஒதுங்கியவர்களில் சிலர் உயிர் இழந்தார்கள். குறுகிய இடைவெளியில் காற்று இன்னும் வேகமெடுக்கும், சிதறல்களும் அங்கேயே வந்து அடிக்கும். பக்கத்தில் உறுதியான கட்டடம் இல்லையா? காருக்குள்ளேயே சீட் பெல்ட்டைக் கழற்றாமல், ஜன்னல் கண்ணாடிக்குக் கீழே தலையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். சாலையை விடத் தாழ்வான பள்ளம் இருந்தால் அதில் இறங்கிப் படுப்பதும் ஒரு வழி.

அப்புறம், காற்று அடங்கியதும் வெறுங்காலோடு வெளியே ஓடாதீர்கள். ஷூ சொன்னது இதற்குத்தான்: ஆணி மேல்நோக்கி நிற்கும் பலகைகள் எங்கும் கிடக்கும். அறுந்த கம்பியில் மின்சாரம் இருப்பதாகவே நினையுங்கள். கேஸ் வாடை வந்தால் தீக்குச்சி மட்டுமல்ல, ஸ்விட்சும் வேண்டாம், வெளியேறிவிடுங்கள். கரண்ட் இல்லையென்று ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டுவது இன்னொரு ஆபத்து. கதவு திறந்த கார் ஷெட்டிலும் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.