காகத்திலிருந்து தொடங்கலாம்: கொல்லைப்புறத்தில் குழந்தைகளோடு பறவை பார்த்தலும் வரைதலும்

பிள்ளைகளுக்குப் பறவைகளைக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் நம்மில் பலர் வேடந்தாங்கலுக்குத்தான் புறப்படுகிறோம். அங்கே நாரைகள் ஏரிக்கு நடுவே தொலைவான மரங்களில் அமர்ந்திருக்க, அரை மணி நேரத்தில் பிள்ளைக்குக் கால் வலித்துவிடும். பார்த்துப் பழகுவதற்கு வீட்டுக் கொல்லையே ஏற்ற இடம். இன்று வந்த பறவை நாளையும் அதே கிளைக்கு வரும் என்பதால், இன்று விட்டதை நாளை பார்த்துக்கொள்ளலாம். கொல்லை இல்லாதவர்களுக்கு மொட்டைமாடியும், ஒரு வேப்பமரமாவது தெரியும் சன்னலும் போதும்.

கோடு போடாத நோட்டு ஒன்று, அதைத் தாங்கப் பரீட்சை அட்டை, 2பி பென்சில் ஆகியவை தவிர வேறு எதுவும் முதல் மாதத்தில் தேவையில்லை. அழிப்பானை வேண்டுமென்றே வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். அது கையில் இருந்தால் பிள்ளை பறவையைப் பார்ப்பதைவிடத் தாளைத் தேய்ப்பதில்தான் அதிக நேரம் செலவிடும். எட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குத் தொலைநோக்கியும் வேண்டாம் என்பது என் கருத்து. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் பறவை போயிருக்கும்.

பறவைகளை வரவழைக்கத் தீனியைவிடத் தண்ணீரே நல்ல வழி. இரண்டு அங்குல ஆழமுள்ள அகலமான மண்தட்டில் நீர் ஊற்றி, சிறு பறவைகள் நின்று குளிப்பதற்கு நடுவில் ஒரு கல்லை வையுங்கள். பூனை பதுங்கும் புதரை ஒட்டி வைக்கக் கூடாது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறந்துவிடும் என்பதால், தினமும் தேங்காய் நார் கொண்டு தேய்த்துக் கழுவி நீரை மாற்ற வேண்டும். இந்த வேலையைப் பிள்ளையிடமே ஒப்படைக்கலாம். இடம் இருந்தால் ஒரு முருங்கையும் செம்பருத்தியும் வையுங்கள், தேன்சிட்டு தேடி வரும். கறிவேப்பிலை மரத்தைப் பழுக்க விட்டால் சின்னான் எனும் கொண்டைக்குருவியும் குயிலும் வரும்.

முதல் மாதிரியாக நான் எப்போதும் காகத்தையே சொல்வேன். பலரது வீடுகளில் பகல் உணவுக்கு முன் காகத்துக்குச் சோறு வைக்கும் வழக்கம் இருப்பதால், நேரம் தவறாமல் வந்து சில நிமிடங்கள் அருகில் நிற்கும் பறவை அதுதான். சோறு வைப்பதற்கு முன், பார்க்காமலே ஒரு காகத்தை வரையச் சொல்லுங்கள். தலை முதல் வால் வரை கறுப்பாக ஒன்றை வரைந்து முடிப்பார்கள். பிறகு காகம் வந்ததும், படத்தைக் குறை சொல்லாமல், கேள்விகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: கழுத்து என்ன நிறம்? மேல் அலகு நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா? நடக்கிறதா, தத்துகிறதா? என் மகள் ஏழு வயதில் இப்படிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது வேற காக்கா" என்றாள். அவள் பிறந்த நாள் முதல் பார்த்துவந்த அதே காகம்தான். அதன் கழுத்தும் மார்பும் சாம்பல் நிறம் என்பது அன்றைக்குத்தான் அவள் கண்ணில் பட்டது. உடல் முழுவதும் கறுத்து, தடித்த அலகோடு வரும் அண்டங்காக்கை வேறொரு பறவை என்பதை அதற்குப் பிறகு நான் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

வரையும் முறையில் கற்றுத்தர வேண்டியது கொஞ்சம்தான். பறவை எந்தச் சாய்வில் அமர்ந்திருக்கிறதோ அந்தச் சாய்வில் முதலில் ஒரு கோடு இழுக்க வேண்டும். சாலையில் நடக்கும் மைனாவின் கோடு படுத்திருக்கும், மின்கம்பியில் அமர்ந்த மீன்கொத்தியின் கோடு நிமிர்ந்திருக்கும். அந்தக் கோட்டின் மேல் உடலுக்கு ஒரு முட்டை, தலைக்கு ஒரு வட்டம். கண்ணை நெற்றியில் வைப்பது எல்லாக் குழந்தைகளும் செய்யும் தவறு. அது அலகு பிரியும் இடத்துக்குச் சற்று மேலே, பின்புறமாக இருப்பதைக் காட்டுங்கள். கால் மட்டும் பெரியவர்களையும் குழப்பும். பறவையின் முழங்கால் பின்பக்கமாக மடங்குவது போலத் தெரிகிறதே, அது உண்மையில் கணுக்கால்; முழங்கால் இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. படத்தைச் சுற்றி அம்புக்குறி இட்டு, பார்த்ததை இரண்டிரண்டு சொற்களில் எழுதச் செய்வது, படம் சரியாக அமையாத நாளிலும் அந்தப் பக்கத்தைப் பயனுள்ளதாக்கும். தேதி, நேரம், வானிலை ஆகியவை மேல் மூலையில் இருக்கட்டும்.

தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைக் கிளறிக்கொண்டே இருக்கும். தையல்சிட்டு ஒரு நொடிகூட நிற்காது. அவற்றை முழுதாக வரைய முயன்றால் பிள்ளை சலித்துவிடும். ஒரு வரவுக்கு ஒரே உறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: இன்று தவிட்டுக்குருவியின் வெளிறிய கண், நாளை கரிச்சானின் பிளவுபட்ட வால். பத்து எண்ணும் வரை பார்த்து, பறவை பறந்ததும் நினைவிலிருந்து வரைவதையும் விளையாட்டாக்கலாம்.

மரத்தில் மறைந்திருக்கும் பறவையின் குரலையும் கோடாக வரையலாம். செம்மார்புக் குக்குறுவானின் 'டொக் டொக்' ஒரே உயரத்தில் சம இடைவெளியுள்ள புள்ளிகளாகவும், குயிலின் கூவல் படிப்படியாக ஏறும் கோடுகளாகவும் அமையும். கூவும் குயிலைப் பெண்ணாகவே எண்ணிப் பழகியவர்கள் நாம். கூவுவது கறுத்த ஆண்குயில், பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்ட பெண்ணின் குரல் 'கிக் கிக்' என்று இருக்கும் என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வருகிறது.

பறவையே வராத நண்பகலில் ஒரு பூவரச இலையையோ மழைக்குப் பின் ஊரும் நத்தையையோ அதே அளவில் வரையட்டும்.

பறவையின் பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். படமும் குறிப்பும் முடிந்த பிறகு, அவற்றைக் கொண்டே ஒரு கையேட்டில் தேடுவது துப்பறியும் வேலை போலப் பிள்ளைக்குப் பிடித்துப்போகும். பத்துப் பறவைகள் அடையாளம் தெரிந்ததும், 2015 முதல் தமிழ்நாட்டில் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேரலாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணி, பறவைக் குறிப்புகளைச் சேகரிக்கும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவிட வேண்டும். ஒரே காகத்தை நான்கு முறை எண்ணும் சிக்கல் எல்லோருக்கும் வரும். கொல்லையில் ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை எழுதினால் அது தீரும்.

கூடு கண்டால் மட்டும் கண்டிப்பு வேண்டும். அருகில் போய்ப் படம் எடுக்கவோ, கிளையை வளைத்துப் பார்க்கவோ கூடாது. நம் வழித்தடத்தைக் கவனித்துக் காகமும் பூனையும் கூட்டைக் கண்டுபிடித்துவிடும். ஊதாப்பிட்டத் தேன்சிட்டு சிலந்தி நூலால் பின்னிய கூட்டைச் சில வேளை வாசல் கம்பியிலேயே தொங்கவிடும். அப்படி நேர்ந்தால், குஞ்சுகள் பறக்கும் வரை ஏறக்குறைய ஒரு மாதம் பின்வாசலைப் பயன்படுத்திக்கொண்டு, சன்னலுக்கு உள்ளிருந்தே தினம் ஒரு படம் வரையலாம்.