நேர்க்குழாயில் வளைந்த கூரை: கிராஸ்ஹாப்பரில் முதல் பயிற்சி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டக் கோயில். முன்னால் 12 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலத்தில் திறந்த மண்டபம் வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். திருவிழாவில் அன்னதானப் பந்தி அங்கேதான். வழக்கமான ஜிங்க் கொட்டகை வேண்டாம், சேணம் மாதிரி வளைந்த கூரை வேண்டும் என்கிறார்கள். வளைவைக் கண்டு மிரள வேண்டாம். இந்த வகை வளைவு முழுக்க நேர்க்கோடுகளால் ஆனது. மெக்சிகோவில் கட்டடக் கலைஞர் ஃபெலிக்ஸ் கண்டேலா 1958-ல் கட்டிய லோஸ் மனந்தியாலெஸ் உணவகத்தின் கான்கிரீட் கூரையும் இதே வகைதான்.

ரைனோ ஒரு முப்பரிமாண வரைகலை மென்பொருள்; கிராஸ்ஹாப்பர் அதற்குள் கம்போனென்ட் எனும் கட்டளைப் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்து வரையும் கருவி. ரைனோ 6 முதல் கிராஸ்ஹாப்பர் அதனுடனேயே வருகிறது. புதுக் கோப்பைத் திறந்ததும் அலகு மீட்டரா என்று பாருங்கள். மில்லிமீட்டரில் இருந்தால் உங்கள் மண்டபம் விரல் நகம் அளவுக்குத்தான் வரும்.

முதலில் எண்கள். நீளம், அகலம், நான்கு மூலைகளின் உயரம் என ஆறு நம்பர் ஸ்லைடர் (எண்ணை நகர்த்தி மாற்றும் பட்டி) வையுங்கள். அவற்றை நான்கு கன்ஸ்ட்ரக்ட் பாயிண்டில் இணைத்தால் அ, ஆ, இ, ஈ என்று சுற்றுவரிசையில் நான்கு புள்ளிகள் கிடைக்கும். இனி கையால் எதையும் இழுக்கக் கூடாது; மாற்றம் எல்லாம் ஸ்லைடரில்தான்.

அடுத்து, 12 மீட்டர் பக்கங்களில் அ-விலிருந்து ஆ-வுக்கு ஒரு லைன், ஈ-யிலிருந்து இ-க்கு ஒரு லைன். இரண்டையும் டிவைட் கர்வில் 12 ஆகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் 13 புள்ளிகள் வரும் (12 அல்ல, பலரும் இங்கே தடுமாறுவார்கள்). அவற்றை வரிசைப்படி லைனால் இணைத்தால் 13 நேர்க்குழாய்கள். கோடுகள் நடுவில் குறுக்கிட்டு, முறுக்கிய துண்டு போலத் தெரிந்தால், ஒரு லைன் எதிர்த்திசையில் இருக்கிறது. அதற்கு ஃபிளிப் கர்வ் போதும். மற்ற இரு பக்கங்களையும் 9 ஆகப் பிரித்தால் இன்னும் 10 குழாய்கள். மேற்பரப்புக்கு முதல் இரண்டு லைனையும் ரூல்டு சர்ஃபேஸில் கொடுங்கள்.

இப்போது உயரம். புதியவர்கள் எதிர்மூலைகள் இரண்டை 3.0, மற்ற இரண்டை 5.4 மீட்டர் என்று வைப்பார்கள். படத்தில் அருமையாக இருக்கும். மாலை நாலு மணி மழை வரட்டும், தெரியும்! அதன் நடு உயரம் 4.2, அங்கிருந்து தாழ்ந்த மூலைப் பக்கம் ஒரு மீட்டர் போனாலும் இறக்கம் வெறும் 21 மில்லிமீட்டர். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் தண்ணீர் தயங்கி உள்ளே இறங்கும். தாழ்ந்த மூலைகளில் ஒன்றைக் கொஞ்சம் உயர்த்தினால் அந்தச் சமதளம் இடம் மாறுமே தவிர, போகாது.

எங்கள் தேர்வு: அ 3.0, ஆ 4.8, இ 5.4, ஈ 4.8. எங்கு நின்றாலும் 8 சதவீதத்துக்குக் குறையாத சரிவு. சேணத்தின் எடுப்பு குறையும், உண்மைதான்; பந்தியில் இலைமேல் சொட்டுவதைவிட அது மேல். ஆனால் தண்ணீர் முழுக்க ஒரே மூலைக்கு வரும். மணிக்கு 150 மில்லிமீட்டர் வீதம் மழை என்று கணக்கிட்டால், 108 சதுர மீட்டரிலிருந்து நொடிக்கு 4.5 லிட்டர். அந்த மூலையை வாசல் பக்கம் வைத்துவிடாதீர்கள்.

அடுத்து தகட்டுச் சோதனை. குழாய்களுக்கு இடையே வரும் ஒரு கட்டத்தின் மூன்று மூலைகளைப் பிளேன் த்ரீ பாயிண்டில் கொடுத்து, நாலாவது மூலை அந்தத் தளத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். ஒரு மீட்டர் கட்டத்தில் சுமார் 11 மில்லிமீட்டர் வரும். மெல்லிய தகட்டைத் திருகு இழுத்துப் பிடித்துவிடும். முதலில் சொன்ன சேணத்தில் அதுவே 44. கட்டத்தை 3 மீட்டராக்கினால் 11 ஒன்பது மடங்காகி 100 மில்லிமீட்டர். கண்ணாடி போடுவதாக இருந்தால் 11-கூட ஆகாது. கட்டத்தை முக்கோணங்களாகப் பிரியுங்கள்.

கடைசியாக, லெங்த் கம்போனென்ட்டிலிருந்து குழாய் நீளங்களை, எண்களைக் காட்டும் பேனலில் எடுங்கள். 9 மீட்டர் பக்கக் குழாய்கள் 9.178-லிருந்து 9.020 வரை படிப்படியாகக் குறையும். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதாமல் பட்டறைக்கு அனுப்பினால், மேலே ஏற்றும்போது குழப்பம்தான். கணினியில் இரண்டு வரிசைக் குழாய்களும் ஒரே மட்டத்தில் வெட்டிக்கொள்ளும். இரும்பில் அது நடக்காது. 60 மில்லிமீட்டர் குழாய் என்றால், கீழ் வரிசை முழுவதையும் மூவ் கொண்டு 60 மில்லிமீட்டர் இறக்கி, தூண் உயரத்தை அந்த இறக்கிய கோட்டிலிருந்து எடுங்கள். குழாய்க் கனத்தையும், திறந்த மண்டபக் கூரையைக் காற்று மேலே தூக்கும் விசையையும் பதிவுபெற்ற பொறியாளர் கணக்கிட்ட பிறகே தூணுக்குக் குழி தோண்ட வேண்டும்.