பிளெண்டரில் பழைய எண்டர்பிரைஸ் கலம்: தட்டைப் பிசகின்றிச் செய்வது எப்படி?

‘ஸ்டார் டிரெக்’ என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சி வரிசையின் முதல் தொடரில் (1966–1969) வரும் எண்டர்பிரைஸ் விண்கலம் பார்வைக்கு எளியது: ஒரு பெரிய தட்டு, அதைத் தாங்கும் கழுத்து, கீழே ஓர் உடல், பின்னால் இரண்டு இயந்திரக் குழல்கள். பிற்காலக் கலங்களைப் போல் குழாய்களும் தகடுகளும் மேற்பரப்பை மூடியிருப்பதில்லை என்பதால், இங்கே சிறிய நிழல் பிசகுகூட அப்படியே கண்ணில் படும். பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் பொருள்களை நகர்த்தவும் திருப்பவும் எக்ஸ்ட்ரூட் செய்யவும் (முகத்தை இழுத்து நீட்டவும்) தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படங்களைத் தேர்ந்தெடுத்தல்

கற்பனைக் கலத்தை விட்டுவிட்டு, படப்பிடிப்புக்காகச் செய்யப்பட்ட மாதிரியைப் பார்த்துச் செய்யுங்கள். மாட் ஜெஃப்ரீஸின் வடிவமைப்பில் 1964-இல் மரம், பிளாஸ்டிக், உலோகத் தகடு ஆகியவற்றால் உருவான, ஏறத்தாழ 11 அடி நீளமுள்ள அந்த மாதிரி இன்று வாஷிங்டனில் உள்ள தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2016-இல் புதுப்பித்துக் காட்சிக்கு வைத்தபின் எடுக்கப்பட்ட தெளிவான படங்கள் நிறையக் கிடைக்கின்றன.

தொடருக்கு முன் சோதனையாக எடுத்த முன்னோட்ட அத்தியாயங்களில் வந்த மாதிரியும் தொடரில் வந்த மாதிரியும் ஒன்றல்ல. தொடருக்காக மாற்றியமைத்தபோது உடலின் முன்புறக் கிண்ணம் சிறிதாயிற்று, குழல்களின் முன்முனையில் விளக்குகள் வந்தன, பின்முனையில் கோளங்கள் சேர்ந்தன. இரண்டையும் கலந்துவிடாதீர்கள். ஒளிப்படத்தில் தொலைவுக்கேற்ப அளவு சுருங்குவதால் அதன்மேல் கோடு வரைந்து வடிவம் எடுக்கக் கூடாது. அதற்குத் தொலைவால் அளவு மாறாத நேர்நோக்கு வரைபடமே வேண்டும். 1975-இல் விற்பனைக்கு வந்த வரைபடத் தொகுப்பு பல இடங்களில் உண்மையான மாதிரியோடு ஒத்துப்போவதில்லை என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

அளவு

கதைப்படி கலத்தின் நீளம் 947 அடி, அதாவது சுமார் 289 மீட்டர். தட்டின் விட்டம் 417 அடி, சுமார் 127 மீட்டர். இவற்றை நூறால் வகுத்து 2.89 மீட்டர், 1.27 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு அளவில் செய்தால் கேமராவின் தொலைவு வரம்பு கலத்தை வெட்டிவிடும்; விளக்குகளின் வலிமையையும் கண்டபடி ஏற்ற வேண்டியிருக்கும்.

தட்டு

பெரும்பாலானோர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். நானும் இங்கேதான் அதிக நேரம் செலவிட்டேன். சிலிண்டரை எடுத்து இழுத்து வளைத்துத் தட்டாக்க முயலாதீர்கள். முன்பார்வையில் தட்டின் பாதிக் குறுக்குவெட்டை மட்டும் பெசியர் வளைகோடாக (சில புள்ளிகளால் வளைவைக் கட்டுப்படுத்தும் கோடு) வரைந்து, அதன்மேல் கோட்டை அச்சைச் சுற்றிச் சுழற்றிப் பரப்பாக்கும் ஸ்க்ரூ மாடிஃபையரை (மூல வடிவத்தைக் கெடுக்காமல் மாற்றும் கருவி) இட்டு, 360 பாகை சுழற்றுங்கள். படிகளின் எண்ணிக்கையை 96 அல்லது 144 என்று வைத்தால், பின்னால் ஆரக்கோடுகளைச் சீராகப் பிரிப்பது எளிது. வளைகோட்டில் புள்ளிகள் குறைவாக இருக்கட்டும். கூடக்கூட, ஒளி படும்போது மேற்பரப்பு அலையலையாகத் தெரியும்.

எல்லா முக்கோணங்களும் தட்டின் மையத்தில் கூடுவதால் அங்கே நட்சத்திரம் போன்ற ஒரு கறை தோன்றும். முகங்களை நுணுக்கமாகப் பிரித்து மென்மையாக்கும் சப்டிவிஷன் மாடிஃபையரைச் சேர்த்தால் அது போகாது; இன்னும் கூர்மையாகும். இதற்கு எளிய வழி, குறுக்குவெட்டை மைய அச்சுவரை கொண்டுபோகாமல் சற்று முன்னதாகவே நிறுத்திவிடுவதுதான். மேலே கட்டுப்பாட்டு அறையைத் தாங்கும் மேடும் கீழே உணரிக் குமிழும் அந்தத் துளையை முற்றிலும் மூடிவிடும். அவற்றைத் தட்டோடு இணைத்துத் தைக்காமல், தனிப் பொருள்களாகச் செய்து சற்றே உள்ளே செருகினால் போதும்.

அடுத்த கறை விளிம்பில் வரும். சமதளமும் செங்குத்து விளிம்பும் சந்திக்கும் மூலையில் ஒரே புள்ளியை வைக்காமல் நெருக்கமாக இரண்டு புள்ளிகளை வைத்து, இறுதியில் நிழலைச் சீராக்கும் வெயிட்டட் நார்மல் மாடிஃபையரைச் சேருங்கள். அதன்பிறகும் கருமை தெரிந்தால் முகங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று காட்டும் ஃபேஸ் ஓரியன்டேஷன் காட்சியை இயக்கிப் பாருங்கள். சிவப்பாகத் தெரியும் முகங்கள் உட்புறமாகத் திரும்பியிருக்கின்றன.

ஜன்னல்களுக்காகப் பூலியன் (ஒரு பொருளால் இன்னொன்றை வெட்டும் கருவி) கொண்டு தட்டில் துளையிடாதீர்கள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் நிழல் கோணலாகும். ஒளிரும் இடங்களை வெள்ளையாகவும் மற்றவற்றைக் கருப்பாகவும் காட்டும் ஒரு படத்தை எமிஷனுக்கு (மேற்பரப்பை ஒளிரச் செய்யும் அமைப்பு) கொடுத்தாலே போதும்.

மற்ற பாகங்கள்

உடலையும் குழல்களையும் இதே சுழற்சி முறையில் செய்யலாம். குழலையும் அதன் தாங்கியையும் ஒரு பக்கம் மட்டும் செய்து மிரர் மாடிஃபையரால் மறுபக்கத்தைப் பெறுங்கள். மூல மாதிரியில் மின்கம்பிகள் இடப்புறமாக வெளியே வந்ததால் அந்தப் பக்கம் முழுமையாக முடிக்கப்படவில்லை. அதைக் காட்ட வேண்டிய இடங்களில் எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி ஒட்டிப் படம்பிடித்து, பிறகு படச்சுருளைத் திருப்பிப் பயன்படுத்தினார்கள். நமக்கு அதே தொல்லை மிரரால் வரும் என்பதால், என்.சி.சி-1701 என்ற பதிவெண்ணைத் தனித்தாளாக வைத்து, ஒரு பொருளை இன்னொன்றின் மேல் படியவைக்கும் ஷ்ரிங்க்ராப் மாடிஃபையர் கொண்டு ஒட்டுங்கள்.

நிறமும் விளக்கும்

நிறம் வெள்ளையன்று, இலேசான பச்சை கலந்த சாம்பல். தட்டின் மேலுள்ள கட்டக்கோடுகள் மூலத்தில் பென்சிலால் வரையப்பட்டவை. ஆகவே பம்ப் (மேடுபள்ளம் இருப்பதுபோல் காட்டும் அமைப்பு) கொண்டு பள்ளமாக்காமல் மங்கிய நிறமாக மட்டும் இடுங்கள். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தத் தகட்டு டெக்ஸ்சர்கள் இந்தக் கலத்துக்கு ஒவ்வாதவை.

குழல் முனையின் பாதி ஒளிபுகும் குமிழுக்குள் மோட்டாரால் சுழலும் தகடுகளும் வண்ண பல்புகளும் கண்ணாடித் துண்டுகளும் இருந்தன. அதையே செய்யுங்கள்: சொரசொரப்பைக் கூட்டிய ஒளிபுகும் குமிழ், உள்ளே சிறு எமிஷன் உருண்டைகள், முன்னே சுழலும் தகடுகள். சுழற்சியின் கீஃப்ரேம்களை (அசைவின் குறிப்புப் புள்ளிகளை) சீரான வேகம் தரும் லீனியராக மாற்றாவிட்டால் விசிறி ஒவ்வொரு சுற்றிலும் தயங்கி நிற்கும். ரெண்டருக்கு, அதாவது இறுதிப் படத்தை உருவாக்க, பிளெண்டரின் இரு முறைகளான சைக்கிள்ஸ், ஈவீ ஆகியவற்றில் என் தேர்வு சைக்கிள்ஸ்தான். ஒரே ஒரு வலிய விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, எதிர்ப்புறம் மிக மங்கலான ஒன்றைச் சேர்த்தால் போதும்.

பின்சேர்க்கை: கோணத்தைப் பொறுத்து மேற்பரப்பை மென்மையாக்கும் ஆட்டோ ஸ்மூத் பொத்தானைக் காணவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். பிளெண்டர் 4.1 முதல் அது ‘ஸ்மூத் பை ஆங்கிள்’ என்ற மாடிஃபையராகிவிட்டது. வெயிட்டட் நார்மலுக்கு மேலே அதை வையுங்கள். ஈவீயைப் பயன்படுத்துவோருக்கு 4.2-இல் ஒளிவட்டம் தரும் ப்ளூம் வசதியும் இல்லை. குமிழ்களைச் சுற்றி அது வேண்டுமென்றால் கம்பாசிட்டரில் (ரெண்டர் செய்த படத்தை மெருகேற்றும் பகுதி) கிளேர் நோடைச் சேர்க்க வேண்டும். அதன் வரம்பை 1-க்கு மேல் வைத்தால் தட்டின் வெளிச்சமான பகுதி பெரும்பாலும் அதில் சிக்காது.