ஒற்றை ஸ்கீயில் ஸ்லாலம்: மிதவைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய பயிற்சிகள்

நீர்ச்சறுக்கில் ஒற்றை ஸ்கீயில் (காலில் மாட்டிக்கொள்ளும் நீண்ட சறுக்குப் பலகை) நின்று, படகு கயிற்றால் இழுக்க அதன் பின்னால் நேராகப் போக வந்துவிட்டதா? அடுத்து எல்லாருக்கும் வரும் ஆசை, மிதவைகளைச் சுற்றி வளைந்து வளைந்து போவது; அதுதான் ஸ்லாலம். எனக்கும் வந்தது. அமெரிக்காவின் ஆர்லாண்டோ பக்கத்து ஏரி ஒன்றில் ஒரு கோடை முழுக்க மிதவையையே குறிவைத்துப் பாய்ந்தேன்; மூன்றாவதைத் தாண்டியதில்லை. நான் விழுவதற்கான காரணம் ஒரு விநாடி முன்பே, படகின் அலையைக் கடக்கும்போதே உண்டாகிவிடுகிறது என்று புரிய அவ்வளவு நாளாயிற்று. அதனால் இங்கே மிதவையைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன்.

தடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். போட்டித் தடம் 259 மீட்டர் நீளம். ஆறு மிதவைகள் வலம், இடம் என்று மாறி மாறி, படகு போகும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி நிற்கும். ஒரு மிதவைக்கும் அடுத்ததற்கும் நீளவாக்கில் 41 மீட்டர். ஆண்கள் போட்டியின் உச்ச வேகமான மணிக்கு 58 கிலோமீட்டரில் அந்த இடைவெளிக்கு இரண்டரை விநாடிதான். நமக்கு 42 கிலோமீட்டர் போதும்; மூன்றரை விநாடி கிடைக்கும். கயிறு 18.25 மீட்டர் இருக்கட்டும். (தேர்ந்தவர்கள் அதை 10.25 வரை குறைத்துவிடுவார்கள். மிதவை 11.5 மீட்டர் தள்ளி இருக்க, கயிறு எட்டாத மிச்சத்தை உடம்பை நீட்டிச் சாய்த்தே சரிக்கட்டுகிறார்கள். பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.)

படி 1: கரையில்

கயிற்றை ஒரு மரத்தில் இடுப்பு உயரத்தில் கட்டுங்கள். கைப்பிடியை ஒரு உள்ளங்கை மேலே பார்க்க, மற்றது கீழே பார்க்கப் பிடியுங்கள். கால்களை ஸ்கீயில் வைப்பதுபோல் முன்பின்னாக வைத்து, படகு இழுக்கும்போது சாய்வதுபோல் மரத்துக்கு எதிராகச் சாயுங்கள். கைகள் நீண்டிருக்க வேண்டும். முழங்கைகள் மிதப்பு அங்கியை ஒட்டியிருக்க வேண்டும். இடுப்பு கைப்பிடியை நோக்கி வர வேண்டும்.

நாற்காலியில் உட்காரப் போவதுபோல் பின்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றால் எல்லாமே தப்பு. தொடக்கக்காரர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் நிற்பார்கள். கணுக்காலை மடக்கி, முன்காலில் கொஞ்சம் கூடுதல் எடை கொடுத்தால் இடுப்பு தானாக மேலே வரும். பக்கத்தில் யாரையாவது செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். நேராக நிற்கிறோம் என்று நமக்குத் தோன்றும்; படம் வேறு கதை சொல்லும்.

படி 2: அலைக்கு உள்ளேயே

படகுக்கு நேர் பின்னால், இரண்டு பக்கமும் வரப்புபோல் எழும் அலைகளுக்கு நடுவே இருங்கள். முழங்காலை மெல்ல மடக்கி நிமிருங்கள். எடையை முன்காலுக்கும் பின்காலுக்கும் மாற்றிப் பாருங்கள். பின்காலில் எடை கூடினால் ஸ்கீயின் மூக்கு தூக்கிக்கொள்ளும், வேகம் விழும். இரண்டு சுற்று போதும்.

படி 3: அலையைக் கடப்பது

இங்கேதான் அதிக நேரம் செலவழியுங்கள். இடப்பக்க அலைக்கு வெளியே போய் நில்லுங்கள். படகிலிருந்து விலகிச் சாய்ந்து, ஸ்கீயை அதன் விளிம்பில் நிறுத்தி, இரண்டு அலைகளையும் ஒரே மூச்சில் கடந்து வலப்பக்கம் போங்கள். இரண்டாவது அலையைத் தாண்டும்வரை அந்தச் சாய்வு அப்படியே இருக்க வேண்டும். அலையைப் பார்த்துப் பயந்து நிமிர்ந்தால் ஸ்கீ தட்டையாகிவிடும். தட்டையான ஸ்கீயை அலை அப்படியே மேலே தூக்கி எறியும். நான் அப்படி எகிறி விழுந்து ஒரு வாரம் கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்தேன்.

கண் அலைமேல் வேண்டாம், எதிர்க்கரையைப் பாருங்கள். தொடக்கத்தில் சாய்வைக் குறைவாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் பாதியில் விட்டுவிடக் கூடாது. ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருக்கும். கடினமான பக்கத்தை இரண்டு மடங்கு செய்யுங்கள்.

படி 4: கைப்பிடி

அலையைத் தாண்டியதும் கைகள் தானாக மேலே நழுவும், உடம்பு படகுப் பக்கம் திரும்பிவிடும். அதைத் தடுக்க, கடந்த பிறகும் கைப்பிடியை இரண்டு கையாலும் இடுப்பருகே வைத்து, "ஒன்று, இரண்டு" என்று எண்ணுங்கள். அது பழகியதும் வெளிப்பக்கக் கையை விட்டு, படகுப் பக்கக் கையை மெல்ல நீட்டி வளையுங்கள். அதாவது, படகுக்கு வலப்புறம் இருந்தால் இடது கை கைப்பிடியில் இருக்கும்.

வளைந்து திரும்பும்போது கைப்பிடியை உங்களிடம் வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஸ்கீயோடு நீங்கள் கைப்பிடியிடம் போங்கள். கயிறு தொய்ந்துவிட்டால் முழங்காலை மடக்கிப் பொறுங்கள், படகே இறுக்கிக் கொடுக்கும். தொய்ந்த கயிற்றைச் சுண்டுபவர்கள் அடுத்த நொடி தண்ணீரில் இருப்பார்கள்.

படி 5: மிதவை இல்லாத ஸ்லாலம்

திறந்த நீரில் ஆறு திருப்பங்கள், ஒரே தாளத்தில். அகலம் முக்கியமில்லை. படகில் இருப்பவரை ஒவ்வொரு திருப்பத்துக்கும் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை எங்கே இழுபடுகிறதோ அங்கே உங்கள் சாய்வு கலைந்திருக்கிறது.

பாதுகாப்பு பற்றி இரண்டே வார்த்தை. படகில் ஓட்டுநரோடு உங்களைக் கவனிக்க ஒருவர் கட்டாயம் வேண்டும். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை. விழுந்த பிறகு தலைக்கு மேல் இரு கையையும் கோத்துக் காட்டினால் "நலம்" என்று பொருள்.

படி 6: தடத்தில்

முதல் நாள் ஆறையும் முயலாதீர்கள். வாயிலுக்கு (தடத்தின் தொடக்கத்தில் நுழைவைக் காட்டும் இரண்டு மிதவைகளின் நடுவெளி) முன்பே இடப்பக்கம் விலகிக்கொள்ளுங்கள், வாயில் வழியாக வலப்பக்கம் வெட்டுங்கள், முதல் மிதவையைச் சுற்றி வாருங்கள். அவ்வளவுதான், படகின் பின்னால் வந்து நேராகப் போய்விடுங்கள். மிதவைக்குச் சீக்கிரமே வந்து சேர்ந்து, திரும்ப இடம் மிச்சம் இருந்தால் அடுத்த சுற்றில் இரண்டாவதையும் சேர்க்கலாம். தாமதமாக வந்தால் படி 3-க்குத் திரும்புங்கள். ஒரு முறை இறங்கினால் ஆறு சுற்றுக்கு மேல் வேண்டாம், அப்புறம் விரல்கள் கைப்பிடியைப் பிடிக்காது.