கேம்ல மாட்டிக்கிட்டா முழு விடையும் தேடாதீங்க

புதிர் கேம்ல எங்கயாவது மாட்டிக்கிட்டா உடனே யூடியூப்ல வாக்த்ரூ (முழுசா ஆடிக் காட்டற வீடியோ) போடாம, யுனிவர்சல் ஹின்ட் சிஸ்டம்னு தேடிப் பாருங்க, கேம் வாரியா கேள்விகளும் அதுக்கான குறிப்புகளும் இருக்கற தொகுப்பு அது. அதுல உங்க கேள்விய தொட்டா முதல்ல "அந்த ரூம்ல இருக்கற ஓவியத்த நல்லா பார்த்தீங்களா"ங்கற மாதிரி சின்ன குறிப்பு மட்டும்தான் வரும், பத்தலன்னா அடுத்தது, கடைசிலதான் முழு விடை, 1988லேர்ந்தே இருக்கு இது. வீடியோன்னா நாம தேடற கதவு வர்றதுக்குள்ள வேற மூணு ரகசியம் தெரிஞ்சுடும், பக்கத்துல தம்ப்நெயில்ல கடைசி பாஸ் (பெரிய வில்லன்) மூஞ்சி வேற, ஒருதடவ பார்த்தத மறக்கவா முடியும், கேம்ல நாமளே கண்டுபிடிக்கற சந்தோஷமே அதோட போச்சு. இதுல இருக்கறது பெரும்பாலும் அட்வென்ச்சர் கேம்கள்தான், எல்லா கேமும் கிடைக்காது. கேம்லயே இருக்கற கோளாறால, அதாவது பக்னால, கதவு திறக்கலன்னா குறிப்பெல்லாம் வேலைக்கு ஆகாது, நேரா தீர்வையே தேடிடுங்க.