புரொடக்ஷனா, ஓபனா? பிராக்டிகல் சுடுதலில் புள்ளிக் கணக்குப் போடுவது எப்படி

மலையகத்தில் தியத்தலாவை என்றால் இராணுவக் கல்லூரியும் சுடுதளமும் நினைவுக்கு வரும். பண்டாரவளை, பதுளைப் பக்கத்து இளைஞர்கள் பலருக்குத் துப்பாக்கி சுடுதலில் ஆர்வம் உண்டு. ஆனால் வேகத்தையும் குறியையும் சேர்த்துக் கணக்கிடும் பிராக்டிகல் போட்டியின் முடிவுப் பட்டியலைக் கையில் கொடுத்தால் குழம்பிப் போகிறார்கள். "இவர் 9 செக்கனில் முடித்தார், அவருக்கு 14 செக்கன் ஆனது. இரண்டு பேருக்கும் எப்படி 80 புள்ளி?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு தாளும் கல்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், பதிலை நாமே போட்டுப் பார்க்கலாம். இங்கே சொல்வது 1976-இல் தொடங்கப்பட்ட ஐபிஎஸ்சி (சர்வதேச பிராக்டிகல் சுடுதல் கூட்டமைப்பு) அமைப்பின் கைத்துப்பாக்கி விதிகள்.

முதல் படி: எந்தப் பிரிவு என்று பாருங்கள்

பெயருக்குப் பக்கத்தில் பிரிவு எழுதியிருக்கும். ஓபன் பிரிவில் ஒளிப்புள்ளிக் குறிகாட்டி பொருத்தலாம், குழல் முனையில் உதைப்பைக் குறைக்கும் கருவியும் மாட்டலாம். ஸ்டாண்டர்ட் பிரிவில் இரண்டுக்கும் இடமில்லை. புரொடக்ஷன் பிரிவு தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே பெரிதும் மாறாத துப்பாக்கிக்கானது. அதிலும் ஒளிப்புள்ளி வேண்டுமென்றால் புரொடக்ஷன் ஒப்டிக்ஸ் என்று தனிப்பிரிவு இருக்கிறது. கிளாசிக், ரிவோல்வர் பிரிவுகளும் உண்டு.

மனதில் பதிய வேண்டியது இதுதான்: ஒவ்வொரு பிரிவும் தனிப்போட்டி. ஓபனில் சுடுபவரோடு புரொடக்ஷன்காரரை யாரும் ஒப்பிடுவதில்லை. அறிவித்த பிரிவின் விதிக்குப் பொருந்தாத உபகரணத்தோடு சுட்டது தெரிந்தால் ஓபனுக்கு மாற்றிவிடுவார்கள். அந்தப் போட்டியில் ஓபன் பிரிவே இல்லையென்றால் புள்ளி கிடையாது.

இரண்டாம் படி: மேஜரா, மைனரா?

ரவையின் பலத்தை வைத்து மேஜர் (கூடியது), மைனர் (குறைந்தது) என்று பிரிப்பார்கள். சன்னத்தின் எடையை கிரெயின் என்ற சிறு எடை அலகில் எடுத்து, செக்கனுக்கு எத்தனை அடி பாய்கிறது என்பதால் பெருக்கி, 1000-ஆல் வகுங்கள். 124 கிரெயின் சன்னம் 1050 அடி வேகத்தில் போனால் 130.2 வரும். மைனருக்கு 125 போதும். மேஜருக்கு ஓபனில் 160, ஸ்டாண்டர்டிலும் கிளாசிக்கிலும் ரிவோல்வரிலும் 170 வேண்டும். புரொடக்ஷனில் எவ்வளவு பலமான ரவை போட்டாலும் மைனர் கணக்குத்தான். போட்டியன்று வேகமானி வைத்து அளப்பார்கள். மேஜர் என்று சொல்லிவிட்டு அளவு குறைந்தால் மைனராகக் கணக்கிடுவார்கள். 125-ஐயும் தொடவில்லை என்றால் அன்றைய சுடுதலுக்குப் புள்ளியே இல்லை.

மூன்றாம் படி: அட்டையைப் படியுங்கள்

காகித இலக்கில் ஏ, சி, டி என்று மூன்று வலயங்கள். ஏ வலயம் எல்லோருக்கும் 5. சி வலயம் மேஜருக்கு 4, மைனருக்கு 3. டி வலயம் மேஜருக்கு 2, மைனருக்கு 1. விழுத்திய இரும்புத் தட்டுக்கு 5. தவறவிட்ட ஒவ்வோர் அடிக்கும், சுடக்கூடாத அட்டையில் பட்ட ஒவ்வோர் அடிக்கும் 10 கழியும். விதிமீறலுக்கும் அப்படியே. எவ்வளவு கழித்தாலும் ஒரு ஸ்டேஜின் (போட்டியின் ஒரு சுற்று) புள்ளி சுழியத்துக்குக் கீழே போகாது.

வலயக் கோடு அச்சடித்த தடித்த கோடு அல்ல, துளையிட்ட மெல்லிய தடம். சற்றுத் தள்ளி நின்றாலே கண்ணுக்குத் தெரியாது. சன்னத் துளையின் விளிம்பு அந்தத் தடத்தைத் தொட்டிருந்தால் உயர்ந்த வலயத்தின் புள்ளி கிடைக்கும். மழைக்கு அட்டை நனையாமல் கண்ணாடித்தாள் உறை போட்டிருந்தால் அதன் மடிப்பு கோட்டை மறைக்கும், குனிந்து பார்க்க வேண்டும். ரேஞ்ச் அதிகாரி அட்டை அட்டையாக "ஆல்ஃபா, சார்லி" என்று சொல்லிக்கொண்டே போவார். "மைக்" என்றால் தவறிய அடி.

நான்காம் படி: வகுங்கள்

மொத்தப் புள்ளியிலிருந்து தண்டத்தைக் கழித்து, எடுத்த நேரத்தால் வகுத்தால் வருவது ஹிட் ஃபாக்டர். செக்கனுக்கு எத்தனை புள்ளி என்று பொருள். மடுவத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது முற்றல் இலைக்கும் ஈரத்துக்கும் கிலோ கழிப்பது நமக்குத் தெரியும். கை எவ்வளவு வேகம், இலை எவ்வளவு தரம் என்ற இரண்டையும் ஒரே எண்ணில் பிடிப்பதுதான் இங்கும் நடக்கிறது.

எட்டு அட்டை, அட்டைக்கு இரண்டு அடி, மொத்தம் 80 புள்ளி உள்ள ஒரு ஸ்டேஜை எடுத்துக்கொள்வோம். புரொடக்ஷனில் ஒருவர் 12 ஏ, 3 சி, 1 டி அடித்தார். 60, 9, 1 சேர்த்து 70. நேரம் 14 செக்கன். ஹிட் ஃபாக்டர் 5.0000. இன்னொருவர் பதினாறையும் ஏ வலயத்தில் வைத்து 80 புள்ளி எடுத்தார், ஆனால் 20 செக்கன் ஆனது. 4.0000. முதலாமவர் பிரிவில் முதலிடம், ஆகவே ஸ்டேஜின் 80 புள்ளியும் அவருக்கே. இரண்டாமவரின் ஹிட் ஃபாக்டர் அவருடையதில் 80 சதவீதம், ஆகவே 64.

இப்போது ஓபன். அதே 12 ஏ, 3 சி, 1 டி. மேஜர் என்பதால் 74. நேரம் 9.25 செக்கன். ஹிட் ஃபாக்டர் 8.0000. அந்தப் பிரிவில் அதுவே உச்சம் என்றால் அவருக்கும் 80 புள்ளி. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

ஸ்டாண்டர்டில் மேஜரும் மைனரும் ஒரே பட்டியலில் மோதுவார்கள், அங்கே கணக்கு இன்னும் சுவையானது. இருவரும் 10 ஏ, 6 சி அடித்தால் மேஜருக்கு 74, மைனருக்கு 68. மேஜர்காரர் 14.8 செக்கனில் எடுக்கும் 5.0000-ஐ எட்ட மைனர்காரர் 13.6 செக்கனில் முடித்தாக வேண்டும். மைனர் எடுப்பவர் ஏ வலயத்தை விட்டு விலகக்கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

ஐந்தாம் படி: ஒரு செக்கனின் விலை

புதியவர்கள் தாண்டிப் போகும் இடம் இது, எனக்கு மிகப் பிடித்ததும் இதுவே. ஹிட் ஃபாக்டர் 5 என்றால் ஒரு செக்கனின் விலை ஏறக்குறைய 5 புள்ளி. ஓர் அடி தவறினால் கிடைக்க வேண்டிய 5 போய், தண்டம் 10-உம் சேர்ந்து 15 புள்ளி நட்டம், அதாவது 3 செக்கன். நம் புரொடக்ஷன்காரரின் அந்த ஒரு டி தவறியிருந்தால் 59 புள்ளி, 4.2143. தவறியது கண்ணில் பட்டு, அரை செக்கன் கூடுதலாகச் செலவழித்து மீண்டும் சுட்டு ஏ வாங்கினால் 74-ஐ 14.5-ஆல் வகுத்து 5.1034. அட்டைக்குச் சிறந்த இரண்டு அடிகளே கணக்கில் வரும் என்பதால் கூடுதலாகச் சுட்டதற்குத் தண்டமில்லை. தயங்காதீர்கள், சுடுங்கள்.

தூரமும் தடையும் நிறைந்த ஸ்டேஜில் ஹிட் ஃபாக்டர் 2-க்கு இறங்கலாம். அங்கே மைனர்காரர் ஏ வலயத்தை விட்டு சி வலயத்தில் அடித்து இழக்கும் 2 புள்ளி ஒரு முழுச் செக்கனுக்குச் சமம். அவசரப்படுவதில் பயனில்லை.

கடைசியாக, தாளில் கையெழுத்து

எல்லா ஸ்டேஜ்களின் புள்ளிகளையும் கூட்டினால் பிரிவின் இறுதிநிலை தெரியும், அது வெறும் கூட்டல். கவனம் வேண்டியது புள்ளித் தாளில்தான். ஏ, சி, டி, தவறியவை எல்லாவற்றையும் கூட்டினால் இந்த ஸ்டேஜுக்கு 16 வர வேண்டும். நேரத்தின் தசமப் புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா, மேஜர் மைனர் மாறவில்லையா என்று பாருங்கள். நீங்களும் அதிகாரியும் கையெழுத்திட்டுவிட்டால் அந்தத் தாளே முடிவானது. ஐயம் இருந்தால் அட்டையின் துளைகளை மூட ஒட்டுத்தாள் ஒட்டுவதற்கு முன்பே "சேர், இதை இன்னொரு தடவை பாருங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள்.